இருநூற்றுப் பதினான்கு எம்

எபேனில் ஒன்பதாம் மாடி.
புயலுக்கு இரண்டாம் எண் போட்டாகிவிட்டது.
"மூன்று போடுமுன் கமிட் செய்துவிட்டுக் கிளம்புங்கள்"
என்கிறார் மேலாளர், குடையைத் தேடிக்கொண்டே.

நான் தொட்டது ஒரே கோப்பு.
சர்க்கரைக் கப்பல் காப்பீட்டில் ஒரு தசமப் புள்ளி,
காலையில் இடம் மாற்றினேன், அவ்வளவே.
இடப்பக்கப் பட்டியலிலோ
இருநூற்றுப் பதினான்கு பெயர்கள்,
ஒவ்வொன்றின் வால்நுனியிலும் எம்.

எம் என்றால் மாறியது.
எனக்கு அது முதலில் தமிழாகத்தான் கேட்கும்:
எம் கோப்பு, எம் பிழை, எம் தலையெழுத்து.
டி என்றால் அழிந்தது.
யாரோ என்னை 'ஏன்டி' என்று அதட்டுவதுபோல இருக்கும்.
யு மட்டும் ஒட்டாது.
பழைய இலக்கணத்தில் சொல்லுக்கு முதலாக நிற்க
அதற்கு அனுமதியே இல்லை.
பேரேட்டில் ஏறாத கோப்புக்கு அதை வைத்தவன்
தமிழ் தெரியாமலே சரியாக வைத்திருக்கிறான்.
ஆனால் கறுப்புத் திரையில் கேட்டால்
அதே யு வேறு சொல்லும்:
இருவர் எழுதியது மோதி நிற்கிறது, தீர்த்துவை.
பேரேட்டில் இல்லாததற்கு அங்கே கேள்விக்குறி,
அதுவும் இரண்டு.
ஒன்று போதாதா என்று யாரைக் கேட்பது?

சதாசிவென் நாற்காலியோடு உருண்டு வந்தான்.
"உன்னுடையதை வைத்துக்கொள், மிச்சத்தைத் தூக்கியெறி."
மிச்சத்தில் யாருடைய வேலையாவது இருந்தால்?
தோளைக் குலுக்கினான்.
மஹேபூரில் அவன் வீட்டுக் கூரை தகரம்.

நேற்றையதை இடமும் இன்றையதை வலமுமாக வைத்துப் பார்த்தேன்.
ஓர் எழுத்து, ஒரு காற்புள்ளி வேறில்லை.
இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை மட்டும்
திருடன் என்று பிடித்து வைத்ததுபோல் எம்.

ரெயூனியனில், சேன்-தெனியில் இருக்கும்
ழான்-ஈவ் மூட்டூசாமிக்குச் செய்தி போட்டேன்.
(முத்துசாமி எந்தக் குமாஸ்தா கையில் மூட்டூசாமி ஆனாரோ,
அதற்கு ஒருவரும் எம் போடவில்லை.)
என் எடிட்டரில் எழுத்து, அவனுடையதில் நிறம் மட்டும்.
பேரேட்டில் இல்லாதது எனக்குப் பச்சை,
அவனுக்குச் சிவப்பு.
"நீ ஏதாவது மாற்றினாயா?"
"இல்லையே. திறந்துதான் பார்த்தேன்.
மறுபடி கட்டி உனக்கு அனுப்பினேன்."

அங்கேதான் இருந்தது.
அவன் இயந்திரம் ஒவ்வொரு வரியின் கடைசியிலும்
கூடுதலாக ஒன்றை வைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.
தட்டச்சுக் காலத்துக் கட்டளை:
வண்டியை இடக்கோடிக்குத் தள்ளு, திரும்பு.
வண்டி போய் எத்தனையோ காலம்.
வரிக்கு வரி
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது,
திரும்பு, திரும்பு.

கீழே பேருந்துகள் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டன.
சதாசிவென் சொல்லாமல் போய்விட்டிருந்தான்.
வரிமுடிவுகளை உதறினேன். பட்டியல் உதிர்ந்தது,
இருநூறு, தொண்ணூறு, பன்னிரண்டு,
ஒன்று.
என்னுடையது.

மூன்றாம் எண் வந்தபோது
கத்ர் போர்ன் போகும் கடைசிப் பேருந்தில்
நின்றுகொண்டிருந்தேன்.

இரவு முழுக்க எங்கள் ஜன்னல்களை உலுக்கிவிட்டு
அந்தக் காற்று அவர்கள் பக்கம் போயிற்று.
இங்கே எண் போட்டுக் கூப்பிட்டதை
அங்கே நிறத்தால் கூப்பிடுவார்கள்.
விடியலில் ழான்-ஈவ் எழுதியிருந்தான்: "சிவப்பு."
அரைத்தூக்கத்தில் நான் கேட்டேன்,
"பேரேட்டில் ஏறாததா?"

அனுப்பிய பிறகுதான் புரிந்தது.
என் கேள்விக்குப் பக்கத்தில் ஒற்றைச் சாம்பல் டிக்.
காபி ஆறும்வரை,
அது இரண்டாகிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.